செய்து கொடுப்பவரா, சொல்லிக் கொடுப்பவரா?

ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் 11 வருடம் இருந்தேன். அடுத்தவருக்கு உதவுவதில் அங்கே மூன்று வகை ஆட்கள்.

தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவருக்கு டார்கெட் தவறாது. ஆனால் லைன் லீடராக யாரைப் போடலாம் என்ற பேச்சு வந்தால் அவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது, செய்து கொடுப்பவர். நான் அந்த வகை. கம்ப்யூட்டர் மூலம் இயங்கும் சி.என்.சி. மெஷினில் இன்சர்ட் என்ற வெட்டுமுனையை மாற்றியதும் அளவு தள்ளிப்போகும், அதைச் சரிக்கட்டும் ஆஃப்செட் எண்ணைத் திருத்த வேண்டும். தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள், ஓடிப்போய்ப் போட்டுக் கொடுப்பேன். அந்த நேரமெல்லாம் என் மெஷின் நிற்கும். "தங்கமான மனுஷன்" என்றார்கள். அப்ரைசல் தாளிலோ என் எண்ணிக்கை குறைவு என்று மட்டும்தான் இருந்தது. இரண்டு முறை பதவி உயர்வு தள்ளிப்போனது. இன்னும் வலிக்கிறது.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பொறியாளர்களை ஆராய்ந்து பிரான்சிஸ் ஃப்ளின் 2003-இல் வெளியிட்ட கட்டுரையைப் பின்னாளில் படித்தேன். உதவி வாங்குவதைவிட அதிகம் கொடுத்தவர்களுக்கு மதிப்பு கூடியது, வேலையின் அளவு குறைந்தது. அடிக்கடி கொடுத்தும் வாங்கியும் இருந்தவர்களுக்கு இரண்டுமே கூடியது.

அப்படி ஒருவர் எங்கள் ஷிப்டிலேயே இருந்தார், அரூர்க்காரர். கூப்பிட்டால் வருவார், மெஷினில் கை வைக்க மாட்டார். "நீயே போடு தம்பி, நான் நிக்கிறேன்" என்பார். முதல் தடவை நேரம் பிடிக்கும். மூன்றாவது தடவை அவரைக் கூப்பிடவே வேண்டியிருக்காது. கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டுக்குக் கூச்சப்படாமல் எங்களிடம் வருவார். "இவன் இப்போ செட்டிங் போடுறான்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைப்பார். சொன்னது பையனைப் பற்றி. பழக்கியவர் யார் என்பதும் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். என் ஓட்டு இந்த அண்ணனுக்குத்தான்.

பெண்களுக்கு மட்டும் கணக்கு வேறு. மேட்லின் ஹெயில்மனும் ஜூலி சென்னும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உதவிய ஆணுக்கு மதிப்பீடு ஏறியது, பெண்ணுக்கு ஏறவில்லை. உதவாதபோது இறங்கியது பெண்ணுக்குத்தான்.

என் தங்கை இங்கே எலக்ட்ரானிக்ஸ் லைனில் இருக்கிறாள். ரெஜிஸ்டர் எழுதுவது, பிறந்தநாள் கேக்குக்குக் காசு வசூலிப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. முடியாது என்று சொன்னால் கெட்ட பெயர். அதனால் வாரம் ஒருவர் என்று முறை வைக்கச் சொல்லி லீடரிடம் கேட்டாள். இப்போது போர்டில் நான்கு பெயர்கள் இருக்கின்றன, இரண்டு பையன்கள் உட்பட.