அலுமினியப் படகின் பின்பலகை: மரைன் ப்ளைவுட்டா, காம்போசிட் போர்டா?

14 அடி நீளத்தில், ரிவிட் அடித்துக் கட்டிய பழைய அலுமினிய மோட்டார் படகு ஒன்றை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்தேன். முடித்து ஆறாவது வருடம் ஓடுகிறது. அந்த வேலையில் என்னை அதிக நாள் யோசிக்க வைத்தது ரிவிட் ஒழுகலும் இல்லை, பெயின்டும் இல்லை. எஞ்சினைத் தாங்குகிற பின்பலகைக்குள், அதாவது ட்ரான்சத்துக்குள், எதை வைத்து அடைப்பது என்பதுதான்.

இந்த மாதிரிப் படகுகளில் பின்பக்கத் தகடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். எஞ்சினின் எடையையும் உந்துதலையும் அந்தத் தகடு தனியாகத் தாங்காது. உள்ளே இருக்கிற மரந்தான் தாங்குகிறது. எஞ்சினின் காற்றாடி தண்ணீருக்குள், பலகைக்கும் கீழே இருந்து படகை முன்னே தள்ளுகிறது. அப்போது எஞ்சினின் கால் பலகையின் கீழ்ப்பகுதியை முன்பக்கமாக அழுத்தும். மேலே க்ளாம்ப் மாட்டியிருக்கும் விளிம்பைப் பின்பக்கமாக இழுக்கும். ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் இந்த நெம்பல் நடக்கிறது. மரம் இற்றுப்போனால் தகடு மட்டும் நெளிய ஆரம்பிக்கும், பிறகு கிழியும்.

கெட்டுவிட்டதா என்று பார்ப்பது எளிது. எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பலகையின் மேல்விளிம்பு கூடவே ஆடினால் உள்ளே மரம் போய்விட்டது. மரச்சுத்தியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் பொத்தென்று கேட்கும். என் படகில் ஒரு போல்ட்டைக் கழற்றியதுமே பழுப்புத் தண்ணீர் சொட்டியது. மேல் மூடியை எடுத்தபோது மரம் கைப்பிடி கைப்பிடியாக வந்தது.

மாற்றாக வைப்பதற்கு எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் இருந்தன. இரண்டை முதல் வாரத்திலேயே தள்ளிவிட்டேன்.

முதலாவது, பூஞ்சை பிடிக்காதபடி மருந்து ஏற்றிய ப்ளைவுட். மலிவு, மக்காது, எங்கும் கிடைக்கும். ஆனால் அந்த மருந்துகள் பெரும்பாலும் செம்பு கலந்தவை. ஈரம் பட்டதும் செம்பு அயனிகள் கசிந்து அலுமினியத்தின் மேல் படியும். படிந்த இடத்தில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, தகடு குழி குழியாகப் போகும். என் படகில் முன்பு யாரோ செய்த பழுதுபார்ப்பில் இப்படிப்பட்ட மரத்துண்டு ஒன்று இருந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த இடம் முழுக்க மிளகு தூவியது போலக் குழிகள், மேலே வெள்ளைப் பொடி. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஒட்டுத்தகடு வைக்க எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. எவ்வளவு பெயின்ட் பூசினாலும் சரி, இந்த மரத்தை அலுமினியப் படகில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, மரமே இல்லாமல் அலுமினியத் தகட்டால் பெட்டி செய்து வெல்டிங் செய்வது. நன்றாகச் செய்தால் அதற்கு இணை இல்லை. ஆனால் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். மெல்லிய பழைய தகட்டில் அந்தப் படலத்தை உடைத்து, ஓட்டை விழாமல் வெல்டிங் போடப் பழகிய கை வேண்டும். வெப்பம் பட்ட இடத்தில் தகடு தன் உறுதியில் ஒரு பகுதியையும் இழக்கும். எனக்கு அந்தக் கை இல்லை. உங்களுக்கு இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், அதையே செய்யுங்கள்.

மிச்சம் இரண்டு: எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) பூசிய மரைன் ப்ளைவுட், காம்போசிட் போர்டு.

காம்போசிட் போர்டு என்று இங்கே சொல்வது, அடர்த்தியான பாலியூரித்தேன் நுரைக்குள் கண்ணாடி இழை கலந்து செய்த பலகையை. கூசா என்ற பெயரில் கிடைப்பது இந்த வகைதான். ப்ளைவுட்டை விட எடை நன்றாகக் குறைவு. தண்ணீரில் ஊறினாலும் மக்காது, ஏனென்றால் பூஞ்சைக்குத் தின்ன அதில் எதுவும் இல்லை. சாதாரண ரம்பத்தில் அறுபடும். விலை ப்ளைவுட்டைப் போலப் பல மடங்கு; அது உங்கள் கணக்கு. நண்பர் ஒருவர் தன் படகில் இதைத்தான் வைத்தார். அந்த வேலையில் நானும் கூட இருந்தேன். என்னுடையதில் தரைப்பலகைக்கு இதைத்தான் போட்டேன். ட்ரான்சத்துக்கு மட்டும் போடவில்லை.

காரணம் இதுதான். இந்தப் பலகையை வெறுமனே எடுத்துப் பொருத்திவிட முடியாது. ட்ரான்சத்தில் வைக்கப்போனால் இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் துணி வைத்து ரெசின் பூச வேண்டும். அப்போதுதான் தேவையான விறைப்பு வரும். அந்த இழை அடுக்குகளின் தடிமனையும் கணக்கில் எடுத்து, மொத்தம் பழைய மரத்தின் அளவுக்கே வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதை விடப் பெரியது நசுங்கல். எஞ்சின் போல்ட்டை முறுக்கும்போது நுரை அமுங்கும். அமுங்காமலிருக்க ஒவ்வொரு ஓட்டையிலும் உலோகக் குழாய் செருகி, இரண்டு பக்கமும் அகலமான தகடு வைத்து முறுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த படகுகள் நன்றாகவே ஓடுகின்றன. நண்பருடையதும் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அது மூன்று வருடப் படகு. அதை வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

இப்போது நான் எடுத்த வழிக்கு வருகிறேன். மரைன் ப்ளைவுட் என்றதும் தண்ணீரில் கெடாத மரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அதில் தண்ணீருக்கு அசையாதது பசைதான். அடுக்குகள் கொதிநீரிலும் பிரியாது, நடு அடுக்குகளில் இடைவெளி இருக்காது. பிஎஸ் 1088 போன்ற தர அளவுகள் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். மரம் மரந்தான், ஈரம் தங்கினால் மக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. ஆக, மரத்துக்குள் தண்ணீரை விடாமல் இருப்பதுதான் மொத்த வேலையும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மரத்தின் வடிவத்தை, அது முழுதாக நொறுங்குவதற்கு முன்பே அட்டையில் வரைந்து எடுத்தேன். 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை எப்பாக்ஸியால் ஒட்டி, க்ளாம்ப் போட்டு இரவு முழுக்க விட்டேன். மொத்தத் தடிமன் பழையதை ஒட்டியே வந்தது. பிறகு எல்லாப் பக்கமும் மூன்று பூச்சு எப்பாக்ஸி. வெட்டிய விளிம்புகளுக்கு இன்னும் இரண்டு. தண்ணீர் உறிஞ்சுவது விளிம்பு வழியாகத்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் மேலே படிகிற வழவழப்பைத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது. அதனால் வெளியே தெரிகிற இடமெல்லாம் கடைசியில் பெயின்ட். சிக்கனம் பார்த்து பாலியெஸ்டர் ரெசின் பூசுகிறவர்கள் உண்டு. அது மரத்தில் எப்பாக்ஸி மாதிரி ஒட்டாது, நாளடைவில் தோல் மாதிரி உரிந்து வரும்.

இவ்வளவும் பலரும் செய்வார்கள். அப்படியும் நாலைந்து வருடத்தில் மரம் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். கெடுவது எங்கே தெரியுமா? ஓட்டையில். மூன்று பூச்சும் பூசி முடித்து, எஞ்சின் போல்ட்டுக்காக ட்ரில் போட்ட அந்த நிமிடத்திலேயே அந்த ஓட்டைக்குள் வெறும் மரம் தெரிகிறது. சுற்றிலும் சீலன்ட் வைத்துத்தான் முறுக்குகிறோம். ஆனால் அலுமினியம் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரு மீட்டர் தகடு 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நகரும். மரம் அந்த அளவுக்கு நகராது. கூடவே எஞ்சினின் நெம்பலும் சேர்ந்து, போல்ட் தலையடியில் சீலன்ட் மயிரிழை அளவு விலகுகிறது. தண்ணீருக்கு அது போதும். உள்ளே போன தண்ணீர் மூன்று பூச்சு எப்பாக்ஸியைத் தாண்டி வெளியே காயவும் முடியாது. வெறும் மரமாவது வெயிலில் காய்ந்திருக்கும். இது பையில் கட்டிவைத்த ஈரத்துணி மாதிரி புழுங்கும்.

அதனால் எல்லா ஓட்டைகளையும் இப்படிப் போட்டேன். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் ஓட்டை. அதற்குள் பஞ்சால் எப்பாக்ஸி தடவி மரத்தைக் குடிக்கவிட்டு, பின்பு சிலிக்கா தூள் கலந்து களிம்பு பதமாக்கிய எப்பாக்ஸியை நிரப்பினேன். நன்கு இறுகிய பின் நடுவில் 10 மில்லிமீட்டர் துளையிட்டேன். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் எப்பாக்ஸிச் சுவர். சீலன்ட் விலகினாலும் தண்ணீர் அந்தச் சுவரோடு நின்றுவிடும். முறுக்கும்போது அழுத்தம் தாங்குவதும் அந்தச் சுவர்தான். காம்போசிட் போர்டுக்கு உலோகக் குழாய் செருகுகிற வேலையைத்தான் இது மரத்தில் செய்கிறது, கூடுதலாக ஈரத்தையும் தடுக்கிறது.

நான் மரத்தின் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஓட்டைதான் காரணம், விலை அல்ல. இரண்டு பொருளும் ஒவ்வொரு வகையில் கெடும். மரத்தைக் கெடுப்பது ஈரம். நுரைப் பலகையைக் கெடுப்பது நசுங்கலும் நெளிவும். ஈரத்தை என்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியும். வருடத்துக்கு ஒரு முறை கீழ்வரிசை போல்ட்டுகளைக் கழற்றுவேன், ஒரு குச்சியில் வெள்ளைப் பஞ்சைச் சுற்றி ஓட்டைக்குள் விட்டுத் துடைப்பேன். பஞ்சு காய்ந்து வெள்ளையாக வந்தால் புது சீலன்ட் வைத்து மாட்டிவிடுவேன். பழுப்பு தெரிந்தால் அந்த ஓட்டையைக் காயவைத்து மறுபடி நிரப்ப வேண்டும், அது ஒரு நாள் வேலை. ஆனால் நுரைக்குள் ஏதாவது ஓரிடத்தில் இழை அடுக்கு பலகையை விட்டுப் பிரிந்திருந்தால், இரண்டு பக்கமும் தகடு மூடியிருக்க, அதை வெளியிலிருந்து பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. பராமரிப்பு குறைவு என்று சொல்லி விற்கிற பொருளை விட, நானே பார்த்துப் பராமரிக்கக்கூடிய பொருளைத்தான் என் எஞ்சினுக்குப் பின்னால் வைக்க மனம் வந்தது.

இதற்கு இசைவாக இன்னும் சிலவற்றைச் செய்தேன். பலகையைத் தகட்டோடு ஒட்டவில்லை. சீலன்ட் ஓட்டைகளிலும் மேல் மூடியிலும் மட்டும். வேண்டுமென்றால் ஒரு மதியத்தில் முழுப் பலகையையும் உருவி எடுத்துவிடலாம். கீழ்விளிம்பைப் படகின் அடித்தகட்டிலிருந்து ஒரு விரல் அளவு உயர்த்தி வைத்தேன், தேங்கும் தண்ணீர் மரத்தை நனைக்காமல் வழிந்து போகட்டும் என்று. போல்ட்டுகள் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதுவும் அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டால் அரிக்கும் என்பதால் அடியில் நைலான் வாஷர். தண்ணீர் வடிகிற பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தேன். பித்தளையிலும் செம்புதான் இருக்கிறது.

எந்த இடத்தில் என் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் படகு நன்னீரில் மட்டும் ஓடுகிறது, எஞ்சின் 15 குதிரைத்திறன், ஓட்டம் முடிந்ததும் கரையேறி மூடிய இடத்தில் நிற்கும். படகு வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே மிதக்கும், அல்லது உப்புநீரில் ஓடும் என்றால் என் ஆறு வருட அனுபவம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. அப்படிப்பட்ட படகுக்கு காம்போசிட் போர்டைத்தான் முதலில் யோசிப்பேன். வருடா வருடம் போல்ட் கழற்றிப் பார்க்க நேரமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கும் அதுவே சரி. தரைப்பலகையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே போல்ட் இறுக்கம் குறைவு, ஈரம் அதிகம், கீழே பார்ப்பதும் கடினம். காம்போசிட் போர்டு அங்கே மரத்தை விட எல்லா வகையிலும் மேல்.

என் ட்ரான்சத்தில் மொத்தம் ஒன்பது ஓட்டைகள். எஞ்சினுக்கு நான்கு, பக்கத்தாங்கிகளுக்கு நான்கு, வடிகுழாய்க்கு ஒன்று. மேல் மூடியின் உள்பக்கம் அவற்றுக்கு எண் போட்டு, ஒவ்வொரு வருடமும் பார்த்ததைப் பென்சிலில் குறித்து வருகிறேன். இதுவரை ஏழாம் எண்ணில் ஒரே ஒரு முறை, மூன்றாவது வருடத்தில், பஞ்சு லேசாக ஈரமாக வந்தது. நிறம் மாறவில்லை. ஈரம் எப்பாக்ஸிச் சுவரோடு நின்றிருந்தது. இரண்டு நாள் காயவைத்து சீலன்டை மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த ஓட்டையும் காய்ந்தே இருக்கிறது.