குடவாசலிலிருந்து சிங்கப்பூர்: எந்த ஆப் காசை மிச்சம் பிடித்தது, எது தின்றது

சம்பா அறுத்து நெல் காசு கைக்கு வந்த மாசி மாதத்தில் வீட்டம்மாவும் நானும் எட்டு நாள் சிங்கப்பூர் போய்விட்டு வந்தோம். அண்ணன் மகன் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான், ஆனால் தங்குவது தொழிலாளர் விடுதி என்பதால் நாங்கள் லிட்டில் இந்தியா பக்கம் ரூம் எடுத்துக்கொண்டோம். புறப்படும் முன் ஊரில் ஆளாளுக்கு ஒரு ஆப்பைச் சொல்ல, பதினொன்றை ஏற்றிக்கொண்டு போனேன். அதில் உருப்படி நான்குதான்.

முதலில் நான் ஏமாந்த கதை. சிங்கப்பூருக்குள் நுழைய வருகை அட்டை நிரப்ப வேண்டும். நெட்டில் தேடியதும் மேலே வந்த தளத்தைத் திறந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து 2,800 ரூபாய் கட்டிவிட்டேன். அது இலவசம் சாமி! அந்த நாட்டு குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ ஆப்பிலேயே, போய்ச் சேருவதற்கு மூன்று நாளைக்குள் நிரப்பிவிடலாம், பத்து நிமிட வேலை. அண்ணன் மகனிடம் சொன்னதும் "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சித்தப்பா" என்றான். கேட்டிருக்கலாம்தான்.

டிக்கெட் தேட கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டும் பார்த்தேன். தேதியை இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளினால் விலை எப்படி மாறுகிறது என்று பார்க்க இவை நல்லவை. ஆனால் திருச்சியை விடச் சென்னையில் 2,000 ரூபாய் குறைவு என்று ஆசை காட்டியது, அதற்கென்ன தெரியும், இங்கிருந்து கும்பகோணம் போய், உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து, தாம்பரத்தில் பெட்டியோடு இறங்கி, விமான நிலையத்துக்கு ஆட்டோ பேசி, நடுவில் சாப்பாடு வேறு. கூட்டிப் பார்த்தேன், திருச்சியேதான் மலிவு. பெட்டிக்குத் தனிக் காசா என்பதையும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

நிஜமாகக் காசு மிச்சமானது புது ஆப் எதிலும் இல்லை, என் பேங்க் ஆப்பில்தான். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருக்கும், அதை ஆப்பில் திறந்துவிட வேண்டும். அந்தப் பக்கத்திலேயே கட்டணத்தையும் படித்தேன்: 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆகக்கூடி 10,000 ரூபாய்க்குச் செலவழித்தால் 413 ரூபாய் சும்மா போகும். அதனால் இந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று தனியாக வாங்கிக்கொண்டேன். அப்படியும் ஒரு கடையில் மெஷின் "ரூபாயிலா, டாலரிலா" என்று கேட்டபோது, நம்ம காசுதானே என்று ரூபாயை அமுக்கித் தொலைத்தேன். அன்றைய ரேட்டோடு ஒப்பிட்டால் 340 ரூபாய் கூடுதல். எப்போது கேட்டாலும் அந்த ஊர்க் காசையே அமுக்குங்கள், அங்குள்ள தமிழர்கள் அதை வெள்ளி என்பார்கள். 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயை அங்கே போனில் பணம் அனுப்பும் வசதியான பேநவ்வோடு இணைத்தார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு டீக்கடை வரை ஜிபே ஓடும் என்று நினைத்திருந்தேன். அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கு.

ஊர் சுற்ற கூகுள் மேப்ஸ் போதும். எந்த பஸ், எத்தனையாவது நிறுத்தம், எந்த வாசல் வழியாக வெளியே வரவேண்டும் என்பது வரை சொல்கிறது. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸிக்குப் போகவில்லை, எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் ஏறி எக்ஸ்போவில் மாறினால் டவுன்டவுன் பாதை நேராக லிட்டில் இந்தியாவில் விடுகிறது, ஆளுக்கு இரண்டு வெள்ளிச் சொச்சம். டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, நம் கார்டையே தட்டலாம். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், வெளிநாட்டுக் கார்டு என்றால் ஒரு நாளைக்கு 60 சென்ட் தனிக் கட்டணம். சிம்ப்ளிகோ ஆப்பில் பதிந்து வைத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் என்ன பிடித்தான் என்று தெரியும். நான் பதிந்த பிறகுதான் பஸ்ஸில் இறங்கும்போது தட்ட மறந்த ஒரு நாளுக்குக் கடைசி நிறுத்தம் வரை காசு எடுத்திருந்ததைப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

டாக்ஸி கூப்பிட கிராப் நல்ல ஆப்தான், 2018-இல் ஊபரே தன் தென்கிழக்கு ஆசியக் கடையை அதனிடம் விற்றுவிட்டுப் போனது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். திரும்பும் நாள் மழை, விமான நிலையத்துக்குக் கிராப் 31 வெள்ளி காட்டியது, இன்னொரு டாக்ஸி ஆப்பான ஜிக்கில் அதே நிமிடம் 24. இரண்டையும் திறந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நெட்டுக்கு இ-சிம், அதாவது அட்டை செருகாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம், ஒன்று ஆப்பிலேயே வாங்கினேன், என் கம்பெனி ரோமிங் பேக்கில் பாதி விலைதான். வீட்டம்மாவின் போனில் இ-சிம் வசதியே இல்லை, அவர் என் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினார், அதனால் எட்டு நாளும் என்னை விட்டுப் பத்தடி தள்ளிப் போகவில்லை. ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள், பேங்க் ஓடிபி அதில்தான் வரும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

ரூம் ஆப்களில் முதல் பக்க விலையைப் பார்த்து மயங்கவேண்டாம். பல ஓட்டல்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் கட்டும்போதுதான் எட்டிப் பார்க்கும்.

படு மோசம் என்றால் ஒரு கூப்பன் ஆப். வருடச் சந்தா 600 ரூபாய். லிட்டில் இந்தியாவின் டேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைகளில் ஆறேழு வெள்ளிக்கு வயிறு நிறையச் சாப்பிடுகிற எங்களுக்கு அதில் ஒரு கடையும் உதவவில்லை. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு, அங்கே எட்டரை போல, ஆர்ச்சர்ட் ரோட்டில் காபிக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று குடவாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.