கற்பித்தல் பயிற்சிக்குச் செயலிகள்: நாலு வருடத்தில் மிஞ்சியது இரண்டு

நாலு வருடமாகக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களை மேற்பார்வை பார்க்கிறேன். ஒரு சுற்றுக்கு எட்டுப் பேர், ஆளுக்கொரு பள்ளி. எல்லா வகுப்பிலும் நான் போய் உட்கார முடியாது, அதனால்தான் கைபேசி.

முதலில் ஆசையாகப் போட்டது, வகுப்பைப் பார்த்து மதிப்பிட ஒரு உற்றுநோக்கல் செயலி. பதினெட்டுக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம். பின் பெஞ்சில் உட்கார்ந்து நான் கட்டம் தேடுவதற்குள் வகுப்பில் பார்க்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். நெட் இல்லாத ஒரு நாள் முழு வகுப்புக் குறிப்பையும் விழுங்கிவிட்டது, அன்றே அழித்தேன்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்குச் சரி, அவ்வளவுதான். வகுப்பு கைநழுவிப் போனதைப் பத்துப் பேர் முன்னால் யார் சொல்வார்கள்? கரும்பலகைப் படம் வரும், கட்டைவிரல் வரும். தனியாகக் குரல் பதிவு அனுப்பச் சொன்ன பிறகுதான் உண்மை வந்தது: வகுப்பு முடிந்த அரை மணிக்குள், இரண்டே நிமிடம், எங்கே தடுமாறினீர்கள் என்பது மட்டும். வேகத்தைக் கூட்டிக் கேட்கலாம்தான், நான் கேட்பதில்லை. பாதியில் நின்று பெருமூச்சு விடுவதும் எனக்குத் தகவல்.

உண்மையில் பலன் தந்தது போனிலேயே இருக்கும் சாதாரண ஒலிப்பதிவுச் செயலி. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், அதை மூன்று நொடி ஆக்கினால் மாணவர் பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதிவிட்டார். தேர்வில் எல்லாரும் இதைச் சரியாக எழுதுவார்கள். ஒரு பயிற்சி ஆசிரியை தன் ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் போட்டுக் கேட்டார். ஆறு கேள்வியில் நாலுக்கு அவரே பதில் சொல்லியிருந்தார். செயலி திரையில் காட்டும் ஒலி அலைக்கோட்டில் மௌனம் தட்டையாகத் தெரியும், அவருடையதில் தட்டையே இல்லை. "மேம், நான் யாரையும் பேசவே விடலையே" என்றார். அடுத்த வாரம் முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு மூன்று எண்ணினார். மூன்றாவது விரலில் ஒரு பையன், "அப்போ ராத்திரி இலை என்ன செய்யும் மிஸ்?" அந்தப் பாடத்தின் நல்ல கேள்வியே அதுதான்.

பதிவுக்குத் தலைமையாசிரியர் அனுமதி வாங்கிவிடுகிறோம், கேட்டதும் அழித்துவிடுகிறோம். பிள்ளைகள் குரல் நம் போனில் கிடக்கக் கூடாது. வீடியோ பக்கம் போகவே இல்லை. அப்புறம், பாடக்குறிப்பைப் போனில் பார்த்து நடத்தாதீர்கள், மிஸ் சாட் பண்ணுகிறார் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். துண்டுச் சீட்டு போதும்.

நேரம்தான் பிரச்சினை. எட்டுப் பேர், கேட்க இரண்டு நிமிடம், பதில் சொல்ல இரண்டு, தினமும் அரை மணிக்கு மேல் போகிறது. ஆள் எண்ணிக்கையை இருபது ஆக்கினால் இந்த முறை தாங்காது.