தலா 14 ஐரோப்பிய ஆட்டங்கள்: அலாஷ்கெர்ட், ப்யூனிக், நோவா

ஆர்மீனியக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு பெரிய அணியின் சீசன் எப்படிப் போகும் என்பது ஜூலை, ஆகஸ்டிலேயே பாதி தெரிந்துவிடும். ஐரோப்பியத் தகுதிச்சுற்று நடப்பது அப்போதுதான். அதைக் கடந்து ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரதான சுற்றுக்குப் போன மூன்று அணிகளை ஒப்பிடலாம்: 2021–22இல் அலாஷ்கெர்ட், 2022–23இல் ப்யூனிக், 2024–25இல் நோவா. மூன்றுக்கும் ஐரோப்பிய ஆட்டங்கள் தலா 14. தகுதிச்சுற்றில் நான்கு எதிரணிகளுடன் இரண்டிரண்டாக 8, பிரதான சுற்றில் 6. அந்தப் பாரத்தோடு உள்ளூர்ப் பட்டத்தையும் வென்றது நோவா மட்டுமே.

போன வழி ஒன்றல்ல. அலாஷ்கெர்ட்டும் ப்யூனிக்கும் நடப்புச் சாம்பியன்கள் என்பதால் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் தொடங்கின. அங்கே தோற்றால் அடுத்த நிலையான யூரோப்பா லீக் தகுதிச்சுற்றுக்கும், அதிலும் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீக்குக்கும் இறங்கலாம். நான்கில் இரண்டு அணிகளை வென்றதே போதுமானதாக இருந்தது. அலாஷ்கெர்ட் கானாஸ் கீயையும் கைராத்தையும் கூடுதல் நேரத்தில் வென்றது. ப்யூனிக் க்ளூஜை பெனால்டியில் வீழ்த்தியது, டூடலாஞ்சைத் தாண்டியது. ரெட் ஸ்டாரிடம் 0–5, 0–2 என நொறுங்கியும் வாய்ப்பு மிச்சமிருந்தது. நோவா அப்போது சாம்பியன் அல்ல, அதனால் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச்சுற்றிலேயே தொடங்கியது. ஷ்கெண்டியா, ஸ்லீமா, ஏ.இ.கே. ஏதென்ஸ், ருஷோம்பெரோக் என நான்கையும் வென்றே ஆக வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் கதை முடிந்தது. ஏ.இ.கே.வை 3–1 என்று சொந்த மண்ணில் வென்று, ஏதென்ஸில் 0–1க்குள் தாக்குப்பிடித்ததுதான் இந்த மூன்று பயணங்களிலும் ஆகச் சிறந்த தருணம்.

பிரதான சுற்றில் நிலவரம் வேறு. ப்யூனிக் 6 புள்ளிகளோடு நான்கு அணிக் குழுவில் மூன்றாவது. மூன்று அணிகளில் சிறந்த நிலை அதுதான். நோவாவுக்கு 4 புள்ளிகள், குழுக்கள் இல்லாத ஒரே பட்டியலில் 36 அணிகளில் 31ஆவது இடம். 2024 நவம்பர் 7 அன்று லண்டனில் செல்சியிடம் 0–8. இடைவேளைக்குள்ளேயே ஆறு கோல்கள். அலாஷ்கெர்ட்டுக்குக் கிடைத்தது மக்காபி டெல் அவீவுடன் டிராவில் வந்த ஒற்றைப் புள்ளி. அதற்கு முன் தகுதிச்சுற்றில் ரேஞ்சர்ஸ் 10 பேராகக் குறைந்த ஆட்டத்திலும் 0–1 எனத் தோற்றது நினைத்தாலே வலிக்கும்; அந்த வாய்ப்பைப் பிடித்திருந்தால் யூரோப்பா லீக்.

இனி லீக். ஐரோப்பிய ஆட்டம் வியாழனில் வந்தால் உள்ளூர் ஆட்டத்துக்கு இடையில் இரண்டு, மூன்று நாள்தான். பயணக் களைப்பு தீராமல் ஆடுவார்கள், இல்லையேல் ஆட்டம் தள்ளிப்போய்ப் பின்னால் குவியும். அலாஷ்கெர்ட் மூன்றாம் இடத்தில் முடித்தது, பட்டம் ப்யூனிக்குக்கு. மறு ஆண்டு ப்யூனிக் இரண்டாவது, பட்டம் உரார்த்துவுக்கு. நோவா லீக்கையும் ஆர்மீனியக் கோப்பையையும் சேர்த்தே எடுத்தது.

நோவாவைப் பாராட்டும்போது ஒரு கணக்கை விட்டுவிடக் கூடாது. 2021–22 லீக்கில் செவான் அணி விலகியதால் 9 அணிகள், 32 ஆட்டங்கள். 2022–23இல் 10 அணிகள், 36 ஆட்டங்கள். 2024–25இல் 11 அணிகள் மும்முறை மோதியதால் 30 மட்டுமே. ஐரோப்பாவைச் சேர்த்தால் ப்யூனிக்குக்கு 50 ஆட்டங்கள், நோவாவுக்கு 44. உள்ளூர்க் கோப்பை இதில் சேராது.

ஆனாலும் அந்த சீசனில் ருயி மோட்டா பயிற்சியாளராக இருந்த நோவாவில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் வசதி மற்ற இரண்டையும் விட அதிகமாக இருந்தது. அலாஷ்கெர்ட்டின் அந்த ஐரோப்பியப் பயணத்தில் இருந்த கோல்கீப்பர் ஒக்னியன் சான்சரேவிச் 2024–25இல் நோவா பக்கம். லீக் பட்டம் கைநழுவிய வருஷத்தையும் கைகூடிய வருஷத்தையும் உள்ளேயிருந்தே பார்த்தவர் அவர்.