கும்பகோணத்தில் எங்கள் சார் நடத்திய ஜோதிட வகுப்பு: இப்போது சேரலாமா?

சார் போன ஐப்பசியில் காலமானார். அதற்கு அப்புறம் நாலைந்து பேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள்: வகுப்பு இன்னும் நடக்கிறதா, யார் எடுக்கிறார்கள், சேர்ந்தால் பிரயோஜனம் இருக்குமா? போனில் சொல்ல ஆரம்பித்தால் வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் சாரைப் பற்றியே பேசி, பாதியில் தொண்டை அடைத்துப் போகிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். மயிலாடுதுறையிலிருந்து ஞாயிறுதோறும் காலை ரயில் ஏறி மூன்று வருஷம் படித்தவன், இப்போது நடக்கும் வகுப்பிலும் நான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன், அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நான் ஏன் சேர்ந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். என் தங்கைக்கு ஜாதகம் பார்த்த ஒருவர் ஒரே பார்வையில் செவ்வாய் தோஷம் என்று சொல்லிவிட்டார், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஐந்து வருஷம் வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில்தான், இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்தேன். சாரிடம் முதல் நாளே இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணிப்பையை அவிழ்த்துச் சோழிகளைத் தரையில் கொட்டி, பன்னிரண்டை எடுத்துக் கட்டமாக வைக்கச் சொன்னார். "தம்பி, லக்னம்னா பொறந்த நேரத்துல கிழக்கே உதிக்கிற ராசி. அதுலேர்ந்து எண்ணி 2, 4, 7, 8, 12ல செவ்வாய் இருந்தா தோஷம்ங்கிறாங்க, அந்த இடத்தையெல்லாம் எடுத்துடுங்க. எத்தனை போச்சு?" ஐந்து. "பன்னெண்டுல அஞ்சு. இதையே சந்திரன்லேர்ந்தும் எண்ணுறாங்க, சுக்கிரன்லேர்ந்தும் எண்ணுறாங்க. மூணையும் சேர்த்துப் பார்த்தா ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கும், நீங்களே கணக்குப் போடுங்க." போட்டேன். பத்துக்கு எட்டுப் பேருக்கு வருகிறது. "அதனாலதான் விதிவிலக்குன்னு அத்தனை எழுதி வச்சிருக்காங்க. அதைப் படிக்காம முதல் வரியை மட்டும் படிச்சவர் சொன்னது உங்க தங்கைக்கு வந்துடுச்சு." அன்று ரயிலில் திரும்பும்போது நான் அழுதேன். தங்கைக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

அந்தச் சோழிகளைப் பார்த்துவிட்டு, சோழி உருட்டிக் கேள்விக்குப் பலன் சொல்கிற பிரசன்னக்காரர் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அவருக்கு அது எண்ணிப் பார்க்கிற கருவி, அவ்வளவுதான். ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் 1825இல் எழுதி வைத்ததை அடிக்கடி சொல்வார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். உண்மையில் நடந்த நேரத்தோடு ஒப்பிட்டால் பிசகு ஒரு மணி நேரத்துக்குள்தான். அந்தக் கதையைச் சொல்லும்போது சாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்வது போல இருக்கும்.

சரி, வகுப்பு எப்படி இருந்தது என்பதற்கு வருகிறேன். முதல் நான்கு மாதம் பலன் என்ற பேச்சே கிடையாது, கணிதம் மட்டும்தான். அயனாம்சம், அதாவது சூரியனின் சம இரவு பகல் புள்ளி நட்சத்திரங்களை விட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற கணக்கு, அதைச் சொல்லிக் கொடுத்த அன்று ஒரு பம்பரத்தை மேஜையில் சுற்றிவிட்டார். வேகம் குறைந்ததும் அது தலையை ஆட்டிக்கொண்டே மெதுவாக வட்டம் போட்டது. "பூமியும் இப்படித்தான் தலையாட்டுது, 72 வருஷத்துக்கு ஒரு பாகை. அந்தப் பாகையெல்லாம் சேர்ந்து இப்ப 24க்கு மேல ஆயிடுச்சு. அதான் பகலும் ராத்திரியும் சமமா இருக்கிறது மார்ச்சுல, நமக்குச் சித்திரை பொறக்கிறது ஏப்ரல்ல." கணக்குப் பாடத்தில் எப்போதும் கடைசி பெஞ்சுக்காரர்களாக இருந்தவர்களுக்கும் அன்றைக்குப் புரிந்தது.

தசா இருப்பை, அதாவது பிறக்கும்போது நடக்கிற கிரக தசையில் இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்பதை, கையால் போடாமல் யாரையும் விட மாட்டார். அனுஷ நட்சத்திரம், சந்திரன் அதைக் கடக்க மொத்தம் 62 நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிஷம்), பிறந்தபோது 31 நாழிகை சென்றுவிட்டது என்றால் சரிபாதி. சனி தசை 19 வருஷத்தில் பாதி போக, நிற்பது 9 வருஷம் 6 மாதம். இது சுலபமான உதாரணம். அடுத்த ஜாதகத்தில் மொத்தம் 57 நாழிகை 43 விநாழிகை என்று வரும், அப்போது கால்குலேட்டரைத் தொட்டால் முறைப்பார். நட்சத்திரத்துக்கு எல்லா நாளும் 60 நாழிகை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களுக்கு அன்று நல்ல பாட்டு விழும். சந்திரன் வேகமாக ஓடுகிற நாளில் 54இலும் முடியும், மெதுவாகப் போகிற நாளில் 66 வரைக்கும் இழுக்கும், அதை நாமே பஞ்சாங்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார்.

பிறந்த நேரத்தில் அவர் காட்டிய கண்டிப்பை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. லக்னம் ஒரு பாகை நகரச் சுமார் 4 நிமிஷம், ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடுகிற நவாம்சம் மாறச் சுமார் 13 நிமிஷம். அதனால் ஜாதகத்தோடு வருகிற அம்மாக்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கடிகாரத்துல பார்த்தீங்கம்மா? குழந்தை அழுத நேரமா, நர்ஸ் எழுதின நேரமா?" தெரியாது என்று சொன்னால், நவாம்சத்தைத் தொடவே மாட்டார். ராசிக் கட்டத்தை வைத்துச் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லிவிட்டு, காணிக்கையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வகுப்பு நேரத்தில் ஜாதகம் பார்க்க யாராவது வந்தால், அவர்கள் சம்மதித்தால், எங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். பாடம் அங்கேதான் நடந்தது. என்ன சொல்கிறார் என்பதைக் காட்டிலும் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வயசான ஒரு அம்மா, வீட்டுக்காரர் பிழைப்பாரா என்று கேட்டபோது, ஜாதகத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்து, எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருக்கிறார்கள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு, உள்ளே காபி சொன்னார். அந்த அம்மா போனதும் எங்களிடம், "அந்தக் கேள்விக்கு நம்மகிட்ட கட்டம் கிடையாது" என்றார்.

பழைய வாக்கியங்களை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கமா, இன்றைய வானியல் கணக்குப்படி போடுகிற திருக்கணிதமா என்று சண்டை போடுகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. கோயில் காரியத்துக்கு வாக்கியம், ஜாதகத்துக்குத் திருக்கணிதம், இதுதான் அவர் வழக்கம். 2025 மார்ச் 29இல் திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனபோது, திருநள்ளாறில் இன்றைக்குப் பெயர்ச்சி இல்லை என்கிறார்களே என்று நாள் முழுக்க போன் வந்தது. சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் விளக்கினார்: சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம், மாதத்துக்குச் சராசரியாக ஒரு பாகை, பழைய கணிதத்துக்கும் புதுசுக்கும் சில பாகை வித்தியாசம் இருந்து, நடுவில் வக்கிரமும் (கிரகம் பின்னால் போவது போலத் தெரிவது) வந்துவிட்டால், பெயர்ச்சி கிட்டத்தட்ட ஒரு வருஷம் தள்ளிப்போகும். வாக்கியப்படி 2026 மார்ச் 6. "ரெண்டுக்கும் போய்க் கும்பிட்டுட்டு வாங்க, சனி கோவிச்சுக்க மாட்டார்" என்று முடிப்பார். அந்த இரண்டாவது தேதிக்கு அவர் இல்லை. நான் திருநள்ளாறுக்குப் போய்விட்டு வந்து, வழக்கம்போல் சொல்லலாம் என்று போனை எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

இப்போது வகுப்பு எடுப்பவர் அவரிடமே பன்னிரண்டு வருஷம் படித்த அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். நேர்மையாகச் சொல்கிறேன், கணிதப் பகுதி சார் நடத்தியதைவிட இப்போது நன்றாகவே இருக்கிறது. சார் பாதிக் கணக்கில் கதைக்குப் போய்விடுவார், திரும்பி வர அரை மணி ஆகும். இந்த அம்மா கரும்பலகையில் வரிவரியாகப் போடுகிறார், புரியாவிட்டால் மூன்றாவது தடவையும் போடுகிறார், தட்டச்சு செய்த குறிப்பும் கொடுக்கிறார். ஜோதிடர் கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி ராசிச் சக்கரத்தைப் பிரித்து வகுத்த 249 உட்பிரிவு அட்டவணையைச் சார் கடைசி இரண்டு மாதத்தில் அவசரமாக முடிப்பார், இவர் அதற்கு நிதானமாக நேரம் ஒதுக்குகிறார்.

குறை என்று பார்த்தால், ஜாதகம் பார்க்க வருகிறவர்களோடு எங்களை உட்கார வைப்பது நின்றுவிட்டது. கேட்டேன். "எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரலை தம்பி, சார் மாதிரி வார்த்தையை அளந்து பேச எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான், ஆனாலும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது பெரிய இழப்பு. பலன் பகுதி புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பது போல ஆகிவிடுகிறது. மாதம் ஒரு ஞாயிறாவது பழையபடி நடத்தலாம் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம், யோசிக்கிறேன் என்றிருக்கிறார். மற்றபடி மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் மேலே அனல் அடிக்கும். முகூர்த்த நாளில் வகுப்பு இருக்காது, முதல் நாளே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நான் இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மாதம் 500 ரூபாய், சார் காலத்திலும் அதே தொகைதான், முடியாதவர்களிடம் வாங்குவதில்லை.

சாரிடம் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. தப்பு நோட்டு என்று அதற்குப் பெயர். யாருக்கு என்ன சொன்னார் என்பதைத் தேதி போட்டு நீலப் பென்சிலில் எழுதுவார், அது நடக்காமல் போனால் பக்கத்தில் சிவப்பில் எழுதுவார். பெயர் இருக்காது, நட்சத்திரமும் லக்னமும் மட்டும். எனக்கு ஆறு மாதத்தில் இடமாற்றம் என்று சொல்லியிருந்தார், வந்தது இரண்டு வருஷம் கழித்து. நான் சந்தோஷமாகப் போய் ஆர்டர் வந்துவிட்டது என்று சொன்னபோது, அவர் நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டி, சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டு, "புத்தியைப் பார்த்தேன், கோசாரத்தைப் பார்க்கலை" என்று எழுதினார். தசையின் உட்பிரிவு புத்தி, கிரகங்கள் அந்தந்த நேரத்தில் நிற்கிற இடம் கோசாரம். பிறகுதான் வாழ்த்துச் சொன்னார். அந்த மாதிரி நோட்டு எங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பது அவர் விதி, மாதக் கடைசியில் வாங்கிப் பார்ப்பார், சிவப்பே இல்லாத நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார்.

டீச்சரம்மா இந்த விதியை மாற்றவில்லை. சாருடைய நோட்டு அலமாரியில் இருக்கிறது, கேட்டால் எடுத்துப் படிக்கத் தருவார், வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. சேருங்கள், தாராளமாகச் சேரலாம். ஞாயிறு காலை 9:30க்கு வகுப்பு. திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று, வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, நோட்டு இரண்டு, சிவப்புப் பென்சில் ஒன்று கொண்டுபோங்கள்.