அயர்லாந்து விடுதலைப் போர்: எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

அயர்லாந்தின் விடுதலைப் போரையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் திரையில் காண விரும்பும் பலர், நீல் ஜோர்டனின் ‘மைக்கேல் காலின்ஸ்’ (1996), கென் லோச்சின் ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி’ (2006) ஆகிய இரண்டில் எதைத் தேர்வது என்று தயங்குகிறார்கள்.

களம்: முன்னதில் டப்ளினும் தலைவர்களும்; பின்னதில் கார்க் பகுதியின் சிற்றூர்களும் எளிய மக்களும்.

விருது: முன்னதற்கு வெனிஸில் தங்கச் சிங்கம்; பின்னதற்குக் கான் விழாவில் தங்கப் பனை.

வரலாற்று நேர்மை: வேறுபாடு இங்கேதான் பெரிது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் குரோக் பார்க் விளையாட்டுத் திடலுக்குள் பிரிட்டிஷ் கவச வண்டி புகுந்து கூட்டத்தைச் சுட்டதாக ஜோர்டன் காட்டுகிறார். உண்மையில் உள்ளே நுழைந்து சுட்டவர்கள் காவல் படையினர். விடுதலைப் போராட்டத் தலைவர் காலின்ஸுக்கு உளவு சொன்ன, 1972 வரை வாழ்ந்த காவலர் நெட் பிராயும் படத்தில் கொல்லப்படுகிறார். இதை என்னால் ஏற்க இயலவில்லை. லோச்சின் முதன்மை மாந்தர்கள் கற்பனையே எனினும், பிரிட்டனுடன் செய்துகொண்ட 1921ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று ஊரார் வாதிடுவதும், அந்த வாதம் உடன்பிறந்த இருவரை எதிரெதிரே நிறுத்துவதும், அக்காலத்தின் வலியை மிக உண்மையாக உணர்த்துகின்றன.

நிகழ்வுகளின் வரிசையும் தலைவர்களின் பெயர்களும் வேண்டுவோர் ‘மைக்கேல் காலின்ஸ்’ படத்தையும், அந்தப் பிளவு வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தது என்று அறிய விரும்புவோர் லோச்சின் படத்தையும் முதலில் பார்க்கலாம்.