எந்த பிரசிடெண்டை வைத்துக்கொள்வது?

எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர்தான். அதனால், "எந்த பிரசிடெண்டை வைக்கிறது, எந்த பிரசிடெண்டை அழிக்கிறதுன்னு தெரியலையே" என்று நான் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துப் புலம்பியதும் அம்மா பதறிவிட்டாள். "சத்தமா சொல்லித் தொலைக்காதடா, தெருவுல ஆள் போவுது" என்றாள்.

ஐப்பசி அடைமழை. சம்பா நடவு முடிந்திருந்தது. வயலில் தண்ணீர் வடியாமல் யாரும் மேலுரம் போட மாட்டார்கள் என்பதால் உரக்கடையில் எனக்கு வேலை இல்லை. திருச்சியில் இருக்கும் மைத்துனர் மகன் எப்போதோ கொடுத்த 500 ஜிபி டிஸ்க் நிரம்பி வழிந்தது. தங்கச்சி மகள் கல்யாண வீடியோவை அதில் ஏற்ற வேண்டும். எடுத்துவிடலாம் என்று பார்த்ததில் பெரும்பாலும் அமெரிக்க அதிபர் கதைகள். எனக்கு அதில் ஒரு கிறுக்கு உண்டு.

சிலரை யோசிக்காமலே அழித்தேன். 'இண்டிபெண்டன்ஸ் டே' (1996) படத்தில் பில் புல்மேன் நடித்த விட்மோர் நல்ல மனிதர், வளைகுடாப் போரில் விமானி. வேற்றுக்கிரகத்துக்காரன் வந்ததும் தானே போர் விமானத்தில் ஏறிவிடுகிறார். மிராசுதார் கதிர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினால் ஒரு நாள் கூட்டம் கூடும், ஆனால் கூலிக் கணக்கை யார் பார்ப்பது? 'டெசிக்னேட்டட் சர்வைவர்' தொடரின் கிர்க்மேனை முதல் சீசனில் பாதி வரைதான் பார்த்தேன். அதுவரை பிடித்திருந்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நியாயமில்லை.

'டேவ்' (1993) அழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அதிபரைப் போலவே முகம் உள்ள ஒரு சாதாரண ஆள், அதிபர் படுத்த படுக்கையானதும் அவர் இடத்தில் உட்கார்த்தி வைக்கப்படுகிறான். கெவின் க்ளைன் இரண்டு வேடமும் போட்டிருப்பார். வீடில்லாதவர்களுக்கான திட்டத்தைக் காப்பாற்ற 65 கோடி டாலர் வேண்டும். டேவ் தன் கணக்காளர் நண்பனை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்து, ராத்திரி உட்கார்ந்து நாட்டின் பட்ஜெட்டை மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி புரட்டுவான். மறுநாள் மந்திரிகளை வைத்துக்கொண்டே ஒவ்வொரு தலைப்பாக வெட்டுவான். கார் வாங்கியவர்கள் வாங்கிய காரைப் பற்றி நல்லபடியாக நினைப்பதற்காக ஒரு விளம்பரச் செலவு இருக்கும், அதில் கை வைக்கும் இடத்தில் நான் எப்போதும் சிரிப்பேன். கடைசியில் டேவ் நாற்காலியை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஆனால் அது அவன் நாற்காலியே இல்லை. வாடகை வீட்டைக் காலி பண்ணுவதில் என்ன தியாகம்?

கடைசியில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' (1997) படத்தின் ஜேம்ஸ் மார்ஷல், '24' தொடரின் டேவிட் பாமர், 'த வெஸ்ட் விங்' தொடரின் ஜெட் பார்ட்லெட். மூவரில் யார் நன்றாகப் பேசுகிறார், யார் கம்பீரம் என்று பார்த்தால் ராத்திரி முழுக்கப் பேசலாம், முடிவு வராது. நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன். தன் தலை தன் வசம் இல்லாத நாளில் அந்த நாற்காலியை இந்த ஆள் என்ன செய்தார்?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் இதற்கென்றே 25-ஆவது திருத்தம் இருக்கிறது. கென்னடி கொல்லப்பட்ட பிறகு எழுதி, 1967-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவின்படி, என்னால் இப்போது முடியவில்லை என்று அதிபரே எழுதிக் கொடுத்து ஒதுங்கலாம். நான்காம் பிரிவின்படி, துணை அதிபரும் மந்திரிகளில் பெரும்பான்மையும் கையெழுத்துப் போட்டு அவரை ஒதுக்கி வைக்கலாம். என்னிடம் மிஞ்சிய மூன்று கதையும் இந்தத் திருத்தத்தில்தான் வந்து முட்டுகின்றன.

பாமரை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டாம் சீசனில், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னால் வேறு நாடுகள் இருப்பதாகக் காட்டும் ஆதாரம் பொய்யாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அந்த நாடுகள்மேல் குண்டு போட மறுக்கிறார். மந்திரிசபை ஓட்டுப்போட்டு அவரை இறக்கிவிடுகிறது. அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிகிறது. டென்னிஸ் ஹேஸ்பர்ட்டின் குரலுக்காகவே பார்க்கலாம். ஆனால் அங்கே நாற்காலியை அடுத்தவர்கள் பிடுங்குகிறார்கள், அவராக எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த சீசன்கள் நான் பார்க்காதவை.

மார்ஷல் கதை வேறு. ஹாரிசன் ஃபோர்ட். தீவிரவாதிகளுக்கு இனி பணிய மாட்டோம் என்று மாஸ்கோவில் மேடையேறிச் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார். அந்த விமானத்தையே கடத்துகிறார்கள், உள்ளே மனைவியும் மகளும். வாஷிங்டனில் மந்திரிகள் அவரை ஒதுக்கிவைக்கத் தாளை நீட்ட, க்ளென் க்ளோஸ் நடித்த துணை அதிபர் கையெழுத்துப் போட மறுக்கிறார். படம் அதை விசுவாசமாகக் காட்டுகிறது, தியேட்டரில் கைதட்டலும் வரும். ஆனால் வீட்டார் தலைக்கு நேரே துப்பாக்கி வந்ததும், மாஸ்கோவுக்குப் போன் போட்டு, கடத்தல்காரர்கள் கேட்டபடி சிறையிலிருக்கும் அவர்கள் தளபதியை விடச் சொல்கிறார் மார்ஷல். அந்த நேரத்தில் பேசியது அப்பா. போன் மட்டும் அதிபருடையது. கடைசியில் சண்டை போட்டு ஜெயித்துவிடுவதால் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதில் நான் ஏன் இவ்வளவு குடைகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த நாலாம் நாள், எங்கள் தெருவுக்கு ஒரு லாரியில் தார்ப்பாய் வந்தது. ஐம்பத்திரண்டு வீட்டுக்கு முப்பது பாய். கடைக்காரன், கணக்குத் தெரிந்தவன் என்று நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். நாற்பது பக்க நோட்டு, மேலட்டை நனைந்து ஊதியிருந்தது. கூரை முழுக்கப் போன வீடு முதலில், பாதி போனது பிறகு என்று நான்தான் விதி சொன்னேன். நாலு பேர் எழுதியதும் தங்கச்சி வந்து நின்றாள். அவள் வீட்டில் பின்பக்கக் கொட்டகை மட்டும்தான் போயிருந்தது. ஒன்றுமே பேசவில்லை, ஈரப் புடவையோடு நின்றாள். ஐந்தாவதாக அவள் பெயரை எழுதினேன். முப்பத்தோராவதாக வந்த கிழவி என் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்து அளவுகோல் திருவாரூர்க் கோயிலருகே கல்தேராக நிற்கிறது. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இடச் சொன்னான் மனுநீதிச் சோழன். பெரியபுராணத்தில், அதைச் செய்ய மனம் வராத மந்திரி தன் உயிரை விட்டுவிட, ராஜாவே தேரை ஓட்டுகிறான். அந்த முழத்தை வைத்து அளந்தால் திரையில் வந்த ஒரு பிரசிடெண்டும் தேற மாட்டார், நானும் தேற மாட்டேன்.

பார்ட்லெட் அந்த உயரத்துக்குப் போகவில்லை. மார்ஷல் மாதிரியும் செய்யவில்லை. நாலாம் சீசன் முடிவில் கடைசி மகள் ஸோயியைக் கடத்திவிடுகிறார்கள். முந்தின வருஷம் ஒரு வெளிநாட்டு மந்திரியைக் கொல்ல இவரே ரகசியமாக உத்தரவு போட்டதன் எதிரொலியோ என்ற பயம் வேறு. நாட்டின் படை முழுவதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த நிலையில் நான் எடுக்கும் முடிவு அதிபர் எடுப்பதாக இருக்காது என்று அவருக்கே தெரிகிறது. மூன்றாம் பிரிவின்படி எழுதிக் கொடுத்து எழுந்துவிடுகிறார். துணை அதிபர் ஏற்கெனவே ராஜினாமா செய்திருப்பதால் அடுத்த இடம் சபாநாயகருக்கு. அவர் எதிர்க்கட்சிக்காரர், ஜான் குட்மேன் நடித்த வாக்கன். மகளைத் தேடும் பொறுப்பும் சேர்ந்து எதிர்க்கட்சி கைக்குப் போகிறது. குட்மேன் அந்த அறைக்குள் வந்து நின்றதுமே அறை சின்னதாகிவிடும். பார்ட்லெட் தன் அறையிலிருந்தே வெளியே நடப்பார். மார்ட்டின் ஷீன் அங்கே பெரிதாக எதுவும் செய்ய மாட்டார், நடப்பார், அவ்வளவுதான்.

அவர் ஒன்றும் அப்பழுக்கில்லாத ஆள் இல்லை. தண்டுவட மரப்பு நோயை நாட்டுக்கே மறைத்து ஓட்டு வாங்கியவர், அதற்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரைக் கண்டித்தது. நோபல் பரிசு வாங்கிய பொருளாதார மேதை என்பதால் எதிரில் நிற்பவர் கேட்காத பாடமும் எடுப்பார். வசனம் ஓடும் வேகத்துக்கு சப்டைட்டில் இல்லாமல் எனக்குப் பாதி புரியாது. நாலு சீசனோடு ஆரோன் சோர்கின் விலகியபின் தொடர் தளர்ந்துவிட்டது என்பார்கள். ஐந்தாவது சீசனைப் பொறுத்தவரை எனக்கும் அதே எண்ணம்தான். ஆறும் ஏழும் அரைத்தூக்கத்தில் பார்த்தவை.

டிஸ்க்கில் இடம் அதிகம் பிடிப்பதும் அவர்தான், ஏழு சீசன், 150-க்கு மேல் எபிசோடு. மற்றவர்களை எல்லாம் அழித்தும் கல்யாண வீடியோவுக்கு இடம் மட்டுமட்டாகத்தான் கிடைத்தது. முகூர்த்தமும் நலங்கும் ஏறின, ரிசப்ஷன் வெளியே நிற்கிறது.

மார்ஷலை மட்டும் அழிக்கும் முன்னே காப்பாற்றிவிட்டார்கள். தங்கச்சி பென்டிரைவோடு வந்து 'ஏர் ஃபோர்ஸ் ஒன்'னை வாங்கிப் போனாள். அவளுக்கு அது நாலாவது தடவை.

"பெத்த பொண்ணு தலைக்கு நேரே துப்பாக்கி இருக்கும்போது சட்டம் பேசிக்கிட்டு நிக்கறவன் என்னண்ணே அப்பன்?" என்றாள்.

தார்ப்பாய் விஷயம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கொட்டகையை ஓடு மாற்றிப் போன தையில்தான் கட்டினாள். அதுவரை அந்தப் பாய்தான் கிடந்தது.